செத்தவள் கொடுத்த புகார்

தொன்கா செத்துப்போனதாக ஊர் முழுக்கத் தாள் ஒட்டியிருந்தது. ரொட்டிக் கடைக் கதவில், பேருந்து நிறுத்தத்தில், கடைசியில் அவள் வீட்டு வாசற்கதவிலேயே. யார் செத்தாலும் கறுப்புக் கரை போட்டுப் படத்தோடு தாள் ஒட்டுவது எங்கள் ஊர் வழக்கம்தான். ஆனால் செத்தவளே பால் வாங்கப் போகிற வழியில் நின்று அதைப் படிக்கிற கொடுமை இதுவரை நடந்ததில்லை.

பக்கத்து வீட்டுக்காரி, சாவுக்கென்றே இரட்டைப்படையில் எண்ணி வாங்கிய பூவோடு வந்து, கதவைத் திறந்தவளைப் பார்த்து அலறிவிட்டாள். அதுகூடப் போகட்டும். எந்தப் புண்ணியவானோ தாளைப் படம் பிடித்து, ஸ்பெயினில் வேலை செய்யும் மகள் மிலேனாவுக்கு அனுப்பிவிட்டான். எட்டு மாதப் பிள்ளைத்தாச்சி, மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

செய்தவன் யார் என்று தொன்காவுக்குத் தெரியும். கொழுந்தன் வெல்கோ. அவள் புருஷன் செத்ததிலிருந்து, வீட்டை விற்றுப் பங்கு கொடு என்று அவள் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தான். தாளில் இருந்த படம் அவன் மகன் கல்யாணத்தில் எடுத்தது. உருப்படியாக வெட்டக்கூடத் தெரியாத மடையன், அவள் தோள்மேல் போட்டிருந்த தன் கையை அதிலேயே விட்டுவிட்டான். மரம் அறுக்கும்போது பாதி போன கட்டைவிரல். ஊரில் வேறு யாருக்கு உண்டு அப்படி?

காவல் நிலையத்தில் சார்ஜென்ட் கிராசிமிர் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். சுவரில் ஒட்டினதெல்லாம் நகராட்சி விவகாரம் என்றான். நகராட்சிக்குப் போனால், ஆளை மிரட்டினால் அது போலீஸ் வேலை என்றார்கள். திரும்பி வந்தால் சாப்பாட்டு நேரம். அடுத்த முறை, கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி தன்யூப் ஆற்றில் மீன்பிடிக்கப் போயிருந்தார். நாலாவது நடையில் அவள் கெஞ்சியே விட்டாள்.

"இந்தக் கட்டைவிரலையாவது கொஞ்சம் பாருங்க தம்பி."

அவன் பார்க்கவில்லை. "அத்தே, நீங்கதான் உசுரோட இருக்கீங்களே. அப்புறம் என்ன புகார்? தாள்தானே, கிழிச்சுப் போட்டுட்டுப் போங்க."

தொன்கா நேரே அச்சுக்கடைக்குப் போனாள். மறுநாள் காலை, சந்தையிலும் காவல் நிலையக் கதவிலும் கிராசிமிரின் சிரித்த முகம், கறுப்புக் கரைக்குள். கீழே, 'துயரத்தில் வாடுவோர்: புகார் கொடுத்துக் காத்திருக்கும் ஊர்மக்கள்.'

சந்தைக்கு வந்த அவன் அம்மா, தக்காளிப் பையை அங்கேயே போட்டுவிட்டுத் தலைவிரி கோலமாக நிலையத்துக்கு ஓடினாள். மகனைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, பிறகு கன்னத்தில் ஒன்று வைத்தாளாம், உயிரோடு இருந்ததற்கு.

நாலு நடைக்கு அசையாத போலீஸ் வண்டி அடுத்த நிமிடமே தொன்கா வீட்டு வாசலில் நின்றது. கிராசிமிர் கிழித்த தாளை அவள் முன்னால் நீட்டினான். "எங்கம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு. ஏதாவது ஆகியிருந்தா யார் பதில் சொல்றது?"

தொன்கா கத்தவில்லை. "நீதான் உசுரோட இருக்கியே தம்பி. அப்புறம் என்ன புகார்?"

வாசற்கதவில் அவள் கிழிக்காமல் விட்டிருந்த தாள் அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. கிட்டே போய்க் குனிந்து பார்த்தான்.

"இந்தக் கை யாரோடது, அத்தே?"

"உள்ள வா," என்றாள். "அஞ்சாவது தடவையாச் சொல்றேன். இந்தத் தடவையாவது எழுதிக்கோ."