சுழல்பெட்டி

ஜட்கா வண்டியின் திரை காற்றில் விலகும்போதெல்லாம் ஜைதூன் பீ அதை இழுத்துக் காலுக்கடியில் செருகினாள். கிடைத்த இடுக்கில் மகள் நஸ்ருன்னிசா கச்சேரி ரோட்டைத் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். இன்றைக்கு அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. பள்ளிக்கூடக் கண்காட்சியின் கடைசி நாள், பெண்களுக்கு மட்டும். அவள் செய்த சாமானுக்கு இரண்டாம் பரிசு என்று தோழி சுந்தரவல்லி சொல்லி அனுப்பியிருந்தாள். எதிரே கைசர் ஜஹான் மாமி வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். ராயப்பேட்டைக்காரி. மகனுக்கு நஸ்ருவைக் கேட்டு வந்துபோகிறவள். நஸ்ருவைப் பெற்ற அத்தா இன்னும் பிடிகொடுக்கவில்லை. "பொண்ணு கைவேலையை நானும்தான் பாக்குறேனே" என்று வண்டி கிளம்பும் நேரத்தில் ஏறிக்கொண்டாள்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியான வருஷம் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். மறுபடி திறந்தபோது நஸ்ருவுக்கு மட்டும் அது திறக்கவில்லை. அதற்குள் அவள் பெரியவளாகியிருந்தாள். பெரிய டீச்சர் பதிவேட்டில் அவள் பெயரை அடிக்காமல் வைத்திருந்தார். வீட்டுக்கு உதவும் புதுச் சாமான் ஒன்றை மாணவிகளே யோசித்துச் செய்துவர வேண்டும் என்று போட்டி வைத்தபோது, அடுத்த தெரு தெற்கத்தி ஜவுளிக்கடை வீட்டுச் சுந்தரவல்லியிடம் சொல்லிவிட்டார்: "அவளையும் செய்யச் சொல்லு. பரிசு வந்தா நானே அவ அப்பாவைப் பார்த்துப் பேசறேன். திரை போட்ட வண்டியிலே வந்து படிக்கட்டும்."

காய்கறிக்காரன் கபாலி தெருவில் கூவும்போது அவளும் அம்மாவும் கதவுக்குப் பின்னால் நிற்பார்கள். வாங்கித் தர ஆள் கிடைப்பதற்குள் அவன் தெருக்கோடிக்குப் போயிருப்பான். அத்தாவின் டிரங்குப் பெட்டிக் கடையில் மிஞ்சிய தகரத்தை நஸ்ரு அரை உருளையாக வளைத்தாள். மேலும் கீழும் அரைவட்டத் தகடு, தகட்டுக்கு ஓர் ஆணி. பழைய ஜன்னல் பலகையில் திறப்பு வெட்டி, அதற்குள் நிறுத்தினாள். கூடையை வைத்துத் திருப்பினால் வெளியே போகும், கத்திரிக்காயோடு திரும்பி வரும். இந்தப் பக்கத்துக் கை அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. கிறீச்சிடாமலிருக்க ஆணிகளுக்கு விளக்கெண்ணெய் விட்டாள்.

முதல் நாள் கபாலி மிரண்டுதான் போனான். "இன்னாம்மா இது, ஜன்னலு கத்திரிக்கா துன்னுது!"

"அரை வீசை போடுப்பா" என்றாள் அம்மா உள்ளேயிருந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

"போட்டுக்கீறேன். ஜன்னலுக்குக் கொசுறா கறிவேப்பிலையும் வச்சுக்கீறேன், பாத்துக்கோ."

அன்றைக்கு அம்மா நாள் முழுக்க அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பலகையோடு கழற்றி, சுந்தரவல்லியிடம் கண்காட்சிக்குக் கொடுத்தனுப்பினார்கள்.

பள்ளிக்கூட வாசலில் துணி மறைப்புக் கட்டியிருந்தார்கள். உள்ளே போனதும் நஸ்ரு முகத்திரையைத் தூக்கிவிட்டாள். தான் உட்கார்ந்து படித்த வகுப்பறை. ஜன்னல் வழியாக அதே வேப்பமரம். நீல ரிப்பன் கட்டிய மேஜையை நோக்கி ஏறக்குறைய ஓடினாள்.

அவள் பெட்டி படுத்துக்கிடந்தது. ஆணிகளை இரண்டு மரக் கவட்டைகளில் ஏற்றி, உள்ளே பட்டுத் துண்டு விரித்து, பொம்மை ஒன்றைக் கிடத்தியிருந்தார்கள். 'பொம்மைத் தொட்டில். இரண்டாம் பரிசு' என்றது அட்டை. ஜன்னல் பலகை மேஜைக்கடியில் கிடந்தது. அதன்மேல் யாரோ செருப்பைக் கழற்றி விட்டிருந்தார்கள்.

சுந்தரவல்லி வந்து கையைப் பிடித்தாள். "கோவிச்சுக்கிடாதட்டி. மேசையில எடமில்லன்னு பலகையக் கழத்திட்டாவ. பரிசு பாக்க வந்த அம்மா இதைப் படுக்கவச்சு ஆட்டிப் பாத்துட்டு, அடடே தொட்டிலான்னு சிரிச்சாவ. அம்புட்டு சந்தோசமாச் சிரிச்சாவ. நான் ஆமான்னுட்டேன்."

"எதுக்குன்னு நீ சொல்லியிருக்கலாமே..."

"வாயெடுக்கதுக்குள்ள பரிசுன்னு எழுதிட்டாவ. பரிசு வந்தாத்தானட்டி நீ பள்ளிக்கூடம் வருவ?"

அழுதுவிடுவாள் போலிருந்த சுந்தரவல்லியின் கையை நஸ்ருதான் தட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. பெரிய டீச்சரிடம் சொல்லிவிடலாம். சொன்னால் பரிசு போகும். சுந்தரவல்லி பொய் சொன்னவளாவாள்.

அதற்குள் மாமி வந்துவிட்டாள். அட்டையை யாரோ படித்துச் சொல்ல, அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "மாஷா அல்லா! ஜைதூன், இங்க வா! தொட்டில் செஞ்சு வச்சுக்கீறா உன் பொண்ணு. மனசுல இன்னா கீதுன்னு அதுவே சொல்லிட்ச்சு, நாமதான் இன்னும் யோசிச்சிக்கினு கீறோம்."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். நஸ்ரு அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்குத் தெரியும். அம்மாதான் அதில் கத்திரிக்காய் வாங்கியவள். அம்மா பொம்மையைப் பார்த்தாள், மாமியின் மலர்ந்த முகத்தைப் பார்த்தாள், கடைசியில் மகளைப் பார்க்காமல் சொன்னாள்: "ஆமா மாமி. ஒரு மாசமா இதையேதான் தட்டிக்கினு இருந்துச்சு."

"வெள்ளிக்கிழமையே பெரியவங்களைக் கூட்டிக்கினு வரேன்."

பெரிய டீச்சர் வாழ்த்தத்தான் வந்தார். "ஞாயித்துக்கிழமை உங்க ஆத்துக்கு வரலாம்னு இருக்கேன், நஸ்ரு" என்றார்.

"வாங்க டீச்சரம்மா, வாயை இனிப்பாக்கிட்டுப் போலாம்" என்றாள் மாமி. "வெள்ளிக்கிழமை கல்யாணப் பேச்சு முடிச்சிடுறோம்."

டீச்சர் நஸ்ருவைப் பார்த்தார், பிறகு தொட்டிலைப் பார்த்தார். "அப்படியா" என்று மட்டும் சொன்னார்.

மாமி ஒரு விரலால் தொட்டிலை மெல்லத் தள்ளினாள். ஆணி ஒரு தடவை கிறீச்சென்றாலும் போதும் என்று நஸ்ரு காத்திருந்தாள். அது சத்தமே இல்லாமல் போய் வந்தது, போய் வந்தது. உள்ளே பொம்மை கண்ணை மூடியது, திறந்தது, மறுபடி மூடியது.