கம்பி எந்தப் பக்கம்?

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. ஆபீஸ் முழுக்கத் தெரிந்த சங்கதி. அதனால்தான் அன்றைக்கு மீட்டிங் அறைக்குள் நுழையும்போதே, "மேடம், இன்னிக்கு மட்டும் கொஞ்சம் அமைதியா இருங்க" என்று மேனேஜர் முந்திக்கொண்டார்.

கட்டட வரைபடங்களைச் சரிபார்ப்பது என் வேலை. அறைக்குள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவள் என் அண்ணன் மகள். சின்ன வயதில் செய்த சேட்டைக்கு வீட்டில் வாலு என்றே பெயர். படிப்பு முடிந்து எங்கள் கம்பெனியில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தாள். முதல் வேலை. அண்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தான். அவளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அன்று முடிவு.

நடந்தது இதுதான். ஒரு பால்கனியின் கான்கிரீட்டுக்குள் போகும் இரும்புக் கம்பியைக் கீழ்ப்பக்கம் போட்டு வரைந்துவிட்டாள். பால்கனிக்கு ஒரு முனையில்தான் பிடிமானம். பாரம் ஏறினால் மேல்பக்கம்தான் இழுபட்டு விரியும். கம்பி அங்கேதான் இருக்க வேண்டும். நல்லவேளை, என் கண்ணில் பட்டது. படாமல் போயிருந்தால்? பால்கனியே இடிந்து விழுந்திருக்கும்.

ஏன் அப்படிப் போட்டாள்? எங்கள் பழைய சாஃப்ட்வேரில் திரையில் பாரத்தைக் காட்டும் கோடு எந்தப் பக்கம் வளைகிறதோ, அந்தப் பக்கம் கம்பி. அதைத்தான் யுனிவர்சிட்டியில் வருஷக்கணக்காகப் பழக்கியிருந்தார்கள். இவள் வந்த நேரம் நாங்கள் புது சாஃப்ட்வேருக்கு மாறினோம். அதில் கோடு எதிர்ப்பக்கம் விழும். பாவம், கோட்டைப் பார்த்தாள், கம்பியைப் போட்டாள்.

எதிரே அவள் படித்த யுனிவர்சிட்டியின் துறைத்தலைவர் உட்கார்ந்திருந்தார். யுனிவர்சிட்டிக்கும் கம்பெனிக்கும் புது ஒப்பந்தமாம். கையெழுத்துப் போட வந்தவர்.

"அடிப்படையே தெரியல சார் இந்தப் பொண்ணுக்கு. இந்த வாரத்தோட அனுப்பிடலாம்னு இருக்கோம்" என்றார் மேனேஜர்.

"நீங்க கேட்டதைத்தானே சார் நடத்தினோம்? வேலைக்கு ரெடியா அனுப்புங்கன்னீங்க. உங்க சாஃப்ட்வேருக்காகப் பழைய பாடத்தையே தூக்கிட்டோம்."

"அது பழசாயிடுச்சே சார்!"

"அதுக்கென்ன, அடுத்த வருஷத்துப் பிள்ளைங்களுக்குப் புதுசை நடத்திட்டாப் போச்சு."

இருவரும் சிரித்தார்கள். சிரித்தார்கள்! பிள்ளையின் பிழைப்பு நடுவில் கிடக்கிறது, இவர்களுக்குச் சிரிப்பு.

"இதையும் மாத்துவீங்கல்ல?" என்றேன். "அப்ப வர்ற பிள்ளையையும் இப்படித்தான் விரட்டுவீங்களா? நீங்க மெஷினை மாத்துவீங்க, அவங்க பாடத்தை மாத்துவாங்க, மிளகா அரைக்கிறதுக்கு இதுங்க தலைதான் கிடைச்சுதா?"

"மேடம், இது கம்பெனி. ட்யூஷன் சென்டர் இல்ல. அடிப்படையெல்லாம் யுனிவர்சிட்டிலயே கத்துக்கிட்டு வரணும்."

வாலு நிமிர்ந்தாள். மேனேஜரை அல்ல, துறைத்தலைவரைப் பார்த்தாள்.

"சார், கம்பி ஏன் அந்தப் பக்கம் போடணும்னு ரெண்டாவது வருஷம் நான் எழுந்து கேட்டேனே, ஞாபகம் இருக்கா?"

அவர் மேஜைமேல் இருந்த ஒப்பந்தத்தைப் புரட்டினார்.

"அதெல்லாம் வேலைக்குப் போனா சொல்லிக்குடுப்பாங்க, இப்ப பட்டனைப் பாரும்மான்னீங்க. கிளாஸே சிரிச்சுது. அதுக்கப்புறம் நான் கேக்கறதை விட்டுட்டேன்."

கழுத்திலிருந்த கம்பெனி அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"அங்க கேட்டா இங்கன்னீங்க. இங்க வந்தா அங்கங்கறீங்க. நான் எங்க சார் கேட்டிருக்கணும்?"

அவள் வைத்த அட்டை ஒப்பந்தத்தின்மேல் கிடந்தது. மேனேஜர் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, கையெழுத்துப் போடத் துறைத்தலைவரிடம் பேனாவை நீட்டினார்.