சகலை பேசுகிறான், ஊர் கேட்கிறது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதல் பொறாமை என்னுடையது.

வாடகைக்கு வீடு தேடி ஒரு தரகரோடு இரண்டு மாதம் அலைந்தேன். பதினொரு வீடு காட்டினார். ஒன்றும் பிடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டுப் பூட்டையும் திறந்துகொண்டே அவர் சொன்ன கதைகள் பிடித்தன. ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒன்பது வருடம் முகம் பார்த்துப் பேசாமல், ஒரே குளியலறையை நேரம் பிரித்துக்கொண்டு பயன்படுத்தினார்களாம். இன்னொரு வீட்டைக் காலி செய்த குடித்தனக்காரர் கதவுக் கைப்பிடிகளையெல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டு, ஒரு வாரம் கழித்து மனசு கேட்காமல் திரும்பி வந்து தானே மாட்டிக் கொடுத்தாராம். இருபது வருடமாக எழுதுகிறேன், அப்படி ஒரு கைப்பிடி எனக்குத் தோன்றியதில்லை. வயிறு எரிந்தது. நைசாக நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

அவர் பார்த்துவிட்டார்.

"எழுதிக்கோங்க சார். எங்க சகலை பேசி எடுத்துக்கிட்டான். நீங்க எழுதி எடுத்துக்கோங்க."

அந்த நிமிடம் நான் கூனிக்குறுகிப் போனேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். உண்மை என்னவென்றால், கதை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் திண்டாடினேன்.

*தரகர் காலையில் கண்விழித்தபோது சமையலறையிலிருந்து சகலையின் குரல் கேட்டது.* (வேண்டாம். படிப்பவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். வந்தது குரல் மட்டும்தான், ஆள் அல்ல.)

*நிலம் என்பது மனிதனின் ஆதி ஆசை, அதன்மேல் அவன் எழுப்பும் ஒவ்வொரு சுவரும்* (பாதியில் விட்டுவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

*அன்று சாயங்காலம்வரை அவருடைய போன் அடிக்கவே இல்லை.*

இது இருக்கட்டும். இருபத்திரண்டு வருடமாகச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால்கூட அடித்த போன் அது. இப்போது அழுத்திப் பார்க்கிறார், உயிர் இருக்கிறது. சாயங்காலம் ஒருவழியாக ஒரு அழைப்பு வந்தது. பாட்காஸ்டில் வீடுகளைப் பற்றிப் பேசுவாரே, அவருடைய நம்பர் கிடைக்குமா என்று ஒரு பெண்மணி மரியாதையாகக் கேட்டார்.

தரகர் கொடுத்தார். கடைசி இரண்டு எண்ணை மாற்றிக் கொடுத்தார்.*

* இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "நம்பர் தப்பாச் சொன்னதையா? போடுங்க. ஆனா அப்புறம் நானே திருப்பிக் கூப்பிட்டு சரியாச் சொன்னேன்னும் போடுங்க" என்றார். திருப்பிக் கூப்பிட்டாரா என்பது எனக்குத் தெரியாது.

3

சகலையைப் பற்றி. தரகரின் மனைவிக்கு ஒரே தங்கை. தங்கையின் கணவன் இவன். பெயிண்ட் கம்பெனியில் விற்பனையாளனாக இருந்தவன் வேலையை விட்டுவிட்டு, "அண்ணா, எனக்கும் இந்தத் தொழிலைக் கத்துக்குடுங்க" என்று வந்து நின்றான். ஆறு மாதம் தன் வண்டியின் பின்சீட்டில் உட்காரவைத்து ஊரையே சுற்றிக் காட்டியவர் தரகர்தான். எந்தத் தெருவில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எந்த வீட்டில் வெயில் எந்தப் பக்கம் விழும், எந்த உரிமையாளர் பேச்சு மாறுவார், எல்லாவற்றையும் வாய் ஓயாமல் சொல்லிக்கொடுத்தார்.

அவன் ஒரு மைக் வாங்கி, பாட்காஸ்ட் தொடங்கினான். வாரம் ஒரு வீடு, அரைமணி நேரம். அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், தெரு எப்படி, பக்கத்து வீட்டுக்காரர் என்ன சுபாவம் என்று நிதானமாகப் பேசுவான். வீட்டை விற்கிறான் என்றே தெரியாது. கடைசியில் விலாசம், விலை, போன் நம்பர். அவ்வளவுதான். ஊர் மொத்தமும் அவனிடம் போயிற்று.

இவனை வில்லனாக்கப் பார்த்தேன். மெல்லிய மீசை வைத்தேன், குளிர்கண்ணாடி மாட்டினேன், தரகரின் கதைகளைத் தன் கதைகளாகச் சொல்லவைத்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. ஏனென்றால் நானும் உட்கார்ந்து அத்தனை பதிவுகளையும் கேட்டுவிட்டேன். ஒவ்வொன்றிலும் அவன் "எங்க அண்ணன் ஒருத்தர் இருக்காரு, அவர்தான் எனக்கு இதைச் சொன்னாரு" என்றுதான் தொடங்குகிறான். திருடியிருந்தால் தரகர் சண்டை போட்டிருப்பார். நன்றி சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போகிறவனை என்ன செய்வது? இதைவிடப் பெரிய அநியாயம் தரகருக்கு யாரும் செய்ததில்லை.

4

தொழில் போனதை அவர் தாங்கிக்கொண்டிருப்பார். தாங்க முடியாதது வேறு.

அவர் மனைவி காய் நறுக்கும்போது போனை மேடையில் சாய்த்துவைத்து அந்தப் பாட்காஸ்டைக் கேட்பாள். ஒருநாள் கைப்பிடிக் கதை ஓடியது. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தரகர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை உனக்கு நானே சொல்லியிருக்கேன்."

"சொன்னீங்க."

"அப்ப சிரிக்கலையே."

"மாப்பிள்ளை நல்லா சொல்றாருங்க" என்றாள், வெகு சாதாரணமாக.

அன்றைக்கே தரகரும் ஒரு மைக் வாங்கினார்.

5

(இந்தப் பகுதி கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். எனக்கும் அது வேண்டியிருக்கிறது.)

தன்னிடம் சாவி இருந்த காலி வீடு ஒன்றில் உட்கார்ந்து முதல் பதிவைச் செய்தார். வெறும் சுவர்கள் அவர் பேசியதையெல்லாம் அவருக்கே திருப்பிச் சொல்லின. கடைசியில் தன் வீட்டுத் துணி அலமாரிக்குள் ஒரு முக்காலி போட்டு, இரண்டு பக்கமும் சட்டைகள் தொங்க, கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். குரல் அருமையாக விழுந்தது.

நான்கு வாரம், நான்கு வீடு. நான் கேட்டேன். ஆள் பிரமாதமாகப் பேசுகிறார். ஆனால் ஒரு வீட்டுக்கும் விலாசம் இல்லை. தெருப் பெயர் இல்லை, விலை இல்லை. "நல்ல ஏரியாவுல, நல்ல வீடு, நேர்ல வந்தா காட்டறேன்." வாங்குகிறவருக்கு விலாசம் தெரிந்தால் நேராக உரிமையாளரிடம் போய்விடுவார் என்பது தரகு வேலையின் முதல் பாடம். இருபத்திரண்டு வருடமாக அதை நாக்கில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தவருக்கு, மைக் முன்னாலும் அது அவிழவில்லை. போன் நம்பரையும் சொல்லவில்லை. அது வெறும் மறதி.

கேட்டவர்கள் பதினான்கு பேர். கீழே ஒரே ஒரு கருத்து, சகலை எழுதியது: "அருமை அண்ணா. விலாசம் விட்டுப்போச்சு பாருங்க."

தரகர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

6

இனி வருவதில் பாதி அவர் சொன்னது, பாதி நான் போட்டது. எது எதுவென்று கேட்காதீர்கள்.

டீச்சரம்மா என்று ஒருவர். தனி ஆள், தனி வீடு. மகளோடு போய் இருக்கப்போவதால் வீட்டை விற்க வேண்டும். ஆறு வருடமாக அந்த வீட்டுக்குக் குழாய் மாற்றவும் மின்சாரம் பார்க்கவும் ஆள் அனுப்பியவர் தரகர். விற்கும்போது தன்னிடம்தான் தருவார் என்று நம்பியிருந்தார். டீச்சரம்மா சகலையிடம் கொடுத்துவிட்டார். அதையும் போனில் கூப்பிட்டு, ரொம்பத் தயங்கி, மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார்.

சகலை அந்த வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு பதிவு செய்தான். வாங்கப்போகும் கணவனும் மனைவியும் பேசினார்கள். அந்தப் பெண் மாசமாக இருக்கிறாள். பின்பக்க அறைதான் குழந்தைக்கு என்று சொன்னாள். காற்று வருகிறதாம், சத்தம் இல்லையாம்.

தரகர் வண்டியை ஓரம்கட்டிவிட்டு அதை இரண்டாவது தடவை கேட்டார். அந்தப் பின்னறையை அவருக்குத் தெரியும். மூன்று நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் மேற்குச் சுவரில் ஈரம் முழங்கால் உயரத்துக்கு ஏறும். பூஞ்சை பிடிக்கும், மூச்சை அடைக்கிற நாற்றம் வரும். சகலைக்கு இது தெரியாது. வெயில் காலத்தில் பார்த்தவன், சுவரை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய மர பீரோ வேறு நிற்கிறது.

அவருக்கு எப்படி இருந்தது என்பதை நேரடியாகவே எழுதிவிடுகிறேன். இனித்தது. சர்க்கரையை வாயில் போட்டதுபோல் இனித்தது. பிறகுதான் குழந்தை ஞாபகத்துக்கு வந்தது.

நேரே வீட்டுக்குப் போய் அலமாரிக்குள் உட்கார்ந்தார். ஒரே மூச்சில் பேசினார். இந்தத் தடவை தெருப் பெயர் வந்தது, கதவு எண் வந்தது. பீரோவை நகர்த்திப் பாருங்கள் என்றார். பாட்காஸ்டில் இனிக்க இனிக்கப் பேசுகிறவர்களை நம்பி வீடு வாங்காதீர்கள் என்றும் சொன்னார். ஒரு பொய் இல்லை. அவர் வாழ்க்கையிலேயே நன்றாக வந்த பதிவு அதுதான்.

வெளியிட ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்.

7

இங்கே மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

அழுத்துகிறார். சகலையின் பெயர் ஒரே நாளில் கெடுகிறது, அந்தக் குழந்தை தப்பிக்கிறது. (நியாயமும் பொறாமையும் கைகோத்து நடந்தால் யாரைத் திட்டுவது?)

அழுத்தவில்லை, சகலையை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறார். (நல்ல மனிதர். ஆனால் நான் பார்த்த தரகர் இவ்வளவு சீக்கிரம் நல்லவராக மாட்டார். நானும் மாட்டேன்.)

அழித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார், மழைக்காலம்

இதை முடிக்கவில்லை. எனக்கே பயமாக இருந்தது.

எதை வைப்பது என்று குழம்பியிருந்த என்னிடம், நடந்தது வேறு என்று தரகர் சொன்னார். பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் அவர் போனை மனைவியிடம் நீட்டியிருக்கிறார். ஒருவராவது தன்னைக் கடைசிவரை கேட்க வேண்டும் என்று இருந்ததாம். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, இயர்போனை மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் எதிரே நின்று அவள் முகத்தையே பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. நடுவில் எழுந்தும் போகவில்லை. பதினெட்டு நிமிடமும் கேட்டாள்.

"எல்லாம் நிஜமா?"

"சத்தியமா."

"நல்லா பேசியிருக்கீங்க. மாப்பிள்ளையைவிட நல்லா பேசியிருக்கீங்க."

இத்தனை மாதம் ஏங்கிய வார்த்தை. அதை அவர் ரசித்து முடிப்பதற்குள் அவள் அடுத்ததைக் கேட்டாள்.

"அந்த பீரோவை அங்க போடச் சொன்னது யாரு?"

 என்றைக்காவது விற்கும்போது அந்த ஈரம் கண்ணில் படக்கூடாது என்று ஆறு வருடத்துக்கு முன்னால் டீச்சரம்மாவுக்கு யோசனை சொன்னவர் தரகர். இரண்டு ஆட்களைக் கூட்டிப் போய், ஒரு முனையைத் தானே பிடித்து நகர்த்தியவரும் அவர்தான். அதைச் சாமர்த்தியம் என்று அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார்.

"அதையும் சேர்த்துப் பேசுங்க" என்று அவள் இயர்போனைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். "அப்புறம் யாருக்கு வேணா அனுப்புங்க. முதல்ல நான் கேக்கறேன்."

(இந்த வரிகள் என்னுடையவை அல்ல. எவ்வளவு முயன்றாலும் எனக்கு வந்திருக்காது. பொறாமையாகத்தான் இருக்கிறது.)

அவர் அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பதிவை ஓடவிட்டார். நொடிகள் ஏறிக்கொண்டிருக்கின்றன, பேச்சு வரவில்லை. வெளியே நாற்காலியில் மனைவி காத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு என்ன என்று நான் அவரிடம் கேட்டேன். பதினொன்றாவது வீட்டின் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தவர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். "நீங்களா இருந்தா என்ன சார் பேசியிருப்பீங்க?" என்றார்.

நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. உங்களிடம் தருகிறேன். "நான்தான்" என்று தொடங்கிப் பாருங்கள். அதற்கு மேல் எனக்கு வரவில்லை.