பின்சுவரில் ஒரு மண்கோடு

பின்பக்கச் சன்னலுக்குக் கீழே உரிந்திருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்த வெர்னாவின் கை சட்டென்று நின்றது. பலகைச் சுவரின் மேல், தரையிலிருந்து சன்னல் வரைக்கும், பென்சில் பருமனில் ஒரு மண்கோடு ஏறியிருந்தது. சுரண்டியின் நுனியால் தொட்டாள். மண் உதிர்ந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூச்சிகள் கலைந்து ஓடின. கரையான்!

வீடு இன்னும் அவளுடையதில்லை. அதுதான் கூத்தே. இருபது வருஷம் அமெரிக்கப் பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவளுக்கு முன்பணம் இல்லாமல் வீட்டுக் கடன் உண்டு. ஆனால் கடன் தருமுன் வீட்டைச் சோதிப்பார்கள். பெயிண்ட் உரிந்திருக்கக் கூடாது, கூரை ஒழுகக் கூடாது, கரையான் இருந்தால் மருந்தடித்து, அரித்த கட்டையை மாற்றிய பிறகுதான் மற்றப் பேச்சு. ஓட்டை வீட்டைப் பட்டாளத்துக்காரர் தலையில் யாரும் கட்டிவிடக் கூடாதென்ற நல்லெண்ணம்தான். அந்த நல்லெண்ணத்தாலேயே இந்த ஃபேயட்வில் ஊரில் இரண்டு வீடுகள் அவள் கையை விட்டுப் போயிருந்தன. 'பட்டாளத்துக் கடனா, ஆளை விடு' என்று விற்கிறவர்கள் ரொக்கக்காரனிடம் போய்விட்டார்கள். ஊர் உலகத்தில் விற்கிறவன் குறையை மறைப்பான், வாங்குகிறவன் தோண்டிப் பார்ப்பான். இங்கே விற்கிற கிழவர் ஹோபர்ட் நாற்காலியில் உட்கார்ந்து ஐஸ் டீ குடிக்க, வாங்குகிறவள் சொந்தக் காசில் அவர் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறாள்.

காலையிலேயே கிழவர் கறாராகச் சொல்லியிருந்தார். "ஏம்மா, பெயிண்டோட சரி. இதுக்கு மேல ஒரு ஆணிய மாத்தச் சொன்னாலும் நான் விலகிக்குவேன். ரொக்கத்தோட ஒருத்தன் தெனம் போன் அடிச்சு உயிர வாங்குறான்."

கடனுக்காகக் கரையான் உண்டா என்று சோதிக்க, பூச்சி பார்க்கிறவர் மதியம் வருவதாக இருந்தது.

வாளியில் தண்ணீரோடு வந்த புருஷன் லாமார் அவள் முகத்தைப் பார்த்தான். "என்ன புள்ள, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

அவள் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான், கிழவர் இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்தான், குரலைத் தாழ்த்தினான்.

"பெயிண்ட அடிச்சு மூடு."

"உள்ள எது வரைக்கும் போயிருக்குன்னு தெரியாது லாமார்."

"சாவி கைக்கு வரட்டும், அப்புறம் மருந்தடிச்சுக்கலாம். மாசக் கடைசில குவார்ட்டர்ஸக் காலி பண்ணணும். பண்ணிட்டு எங்க போவ? மறுபடி எங்க அக்கா வீட்டு ஹாலுக்கா? அவ வாயில விழுந்து எந்திரிச்சது பத்தலையா?"

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. மகள் ட்ரினா இப்போது படிப்பது ஏழாவது பள்ளிக்கூடம். 'இதுதான் கடைசி, இனிமே உன்ன எங்கயும் மாத்த மாட்டேன்' என்று வெர்னா சத்தியம் செய்திருந்தாள். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவளுக்கென்று ஒதுக்கிய அறை. வெர்னா கட்டைவிரலால் பலகையை அழுத்திப் பார்த்தாள். ஊறிய ரொட்டியைப் போல் அது உள்ளே போனது.

வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டாள். பயமாக இருந்தது. பட்டாளத்தில் இருந்தபோது, பாலைவனத்துச் சாலைகளில் வரிசையின் முதல் வண்டியை அவள்தான் ஓட்டுவாள். எங்கேயாவது புதிதாகக் கிளறிய மண் தெரிந்தால், கீழே குண்டு புதைத்திருக்கலாம் என்று சன்னல் வழியாக முஷ்டியை உயர்த்துவாள். பின்னால் வரும் வண்டியெல்லாம் நின்றுவிடும். ஒரு தடவைகூட அவள் மண்ணைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனதில்லை. இப்போது ஈரத்துணியால் அந்த மண்ணை அவளே துடைத்தாள், பள்ளத்தை அடைக்க மக்கு மாவை அப்பினாள், மேலே வெள்ளைப் பெயிண்டை இழுத்தாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பது இதுதான் என்று நினைத்தாள். அவசரத்தில் பெயிண்ட் கையெல்லாம் வழிந்தது.

பூச்சி பார்க்கிறவர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் பலகையைத் தட்டிக்கொண்டே முன்பக்கத்திலிருந்து சுற்றி வந்தார். டொக், டொக். ஒவ்வொரு தட்டுக்கும் வெர்னா மூச்சை அடக்கினாள். கிழவரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து உட்கார்ந்தார்.

"இங்க ஈரமா இருக்கே?" என்று சன்னலுக்குக் கீழே நின்றார் அவர்.

"இப்பத்தான் அடிச்சோம் சார்," என்றான் லாமார், கொஞ்சம் அவசரமாக. "பெயிண்ட் உரிஞ்சிருக்குன்னு உங்காளுங்கதான எழுதிக் குடுத்தாங்க."

"அதுவும் சரிதான். தட்டினா உங்க வேலை பாழாயிரும். பாவம், நல்லாத்தான் அடிச்சிருக்கீங்க." அவர் சிரித்துவிட்டு அடுத்த பலகைக்கு நகர்ந்தார். டொக், டொக். திடமான சத்தம். லாமார் அவளைப் பார்த்து லேசாகக் கண்ணடித்தான்.

வெர்னா சுவரைப் பார்த்தாள். மக்கின் ஓரத்தில் ஒரு விரிசல் விட்டிருந்தது. அதிலிருந்து ஒரே ஒரு கரையான் வெளியே வந்து, ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தது.

பூச்சிக்காரர் மூலை திரும்பப் போனார்.

வெர்னாவின் வலது கை மேலே எழுந்தது. விரல்கள் தாமாக மடங்கி முஷ்டியாயின.

"என்னம்மா?" என்று அவர் நின்றார். கிழவர் டீயைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தார். லாமார் 'வேண்டாம்' என்று வாயசைத்தான். உயர்த்திய கையை அவள் இறக்கவில்லை. வெள்ளைப் பெயிண்ட் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மெதுவாக வழிந்துகொண்டிருந்தது.