இணைப்பில் ஒரு தாயார்

பேராசிரியரிடம் ஒரு விஷயத்துக்கு நேரான பதில் வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிடும். கல்யாணமான புதிதில், மழை வரும்போலிருக்கிறதே, குடை எடுத்துக்கொள்ளட்டுமா என்று அவர் கேட்டதற்கே, "அதை ரெண்டு விதமாப் பார்க்கலாம்" என்று ஆரம்பித்த மனுஷர் இவர். அந்த அம்மாள் நனைந்துகொண்டுதான் போனார். ஆனால் வீட்டில் காலணாவுக்கு உதவாத இந்தக் குணம்தான் தொலைக்காட்சியில் அவரைத் தூக்கி நிறுத்தியது. வெளிநாட்டு விவகார நிபுணர் என்று பெயருக்குக் கீழே போடுவார்கள். மற்ற நிபுணர்கள் மேஜையைத் தட்டித் தொண்டை கிழியக் கத்துகிற நேரத்தில், இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, பிடி கொடுக்காமல் நாலு வார்த்தை பேசுவார். நிலைமை எப்படித் திரும்பினாலும் அவர் சொன்னது தப்பாகாது. எதையாவது சொல்லியிருந்தால்தானே தப்பாவதற்கு?

அப்பேர்ப்பட்டவருக்கு அந்த வாரம் சோதனை வந்தது. பக்கத்து நாட்டில் தேர்தல் முடிந்திருந்தது. ஆளும் தலைவர் தோற்றுவிட்டார் என்று உலகமே சொன்னது, அவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. வாக்கு எண்ணியதே தப்பு என்று சொல்லி நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தெருவெல்லாம் ராணுவ வண்டி. கடைகளில் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. இங்கே நம் சேனல்களுக்கு வேட்டைதான், தினமும் விவாதம். ஆனால் பேராசிரியருக்கு அது வெறும் விவாதம் இல்லை. அவருடைய ஒரே மகள் அந்தத் தலைநகரில் இருந்தாள். பால் பவுடர் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. பரீட்சை எழுதி, அலையாய் அலைந்து, அப்பாவின் சிபாரிசு எதுவும் வேண்டாம் என்று வீம்பு பிடித்து வாங்கிய வேலை. இப்போது ஊருக்குக் கிளம்புகிறவர்கள் திரும்பி வர வேண்டாம் என்று கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது.

அன்று காலை அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். மறுநாள் விடியற்காலை விமானத்தில் ஒரு இடம் பிடித்து வைத்திருக்கிறாள், சாயங்காலம் ஏழு மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும். வரட்டுமா, இருக்கட்டுமா என்று அவளுக்கே தெரியவில்லை. அப்பா என்ன சொல்கிறாரோ அதைச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அம்மா விஷயத்தைக் கொண்டுவந்தபோது பேராசிரியர் சட்டை தேடிக்கொண்டிருந்தார். கட்டம் போட்டது கேமராவுக்கு ஆகாது. வெள்ளையும் ஆகாது. நீலத்தை எடுத்து மாட்டியபடியே, வந்துவிட்டால் வேலை போய்விடும், இருந்துவிட்டால் ஆபத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று விளக்கினார். இதைச் சொல்ல ஒரு நிபுணர் வேண்டுமா என்று மனைவி பார்த்தார். பேராசிரியரையும் குறை சொல்ல முடியாது. அதுவரை அவருக்கு நிஜமாகவே பிடிபடவில்லை. நிகழ்ச்சி ஆறே முக்காலுக்கு முடிந்துவிடும், அதற்குள் நிலவரம் தெரிந்துவிடும், முடிந்ததும் போன் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

ஸ்டுடியோ வாசலில் எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்துவிடுவார்கள். ஒரு தடவை நேரலையில் யாருடைய போனோ குத்துப்பாட்டுப் பாடியதிலிருந்து வந்த சட்டம். உள்ளே போகும்போது தயாரிப்பாளர் பேராசிரியரை ஓரமாக அழைத்துப்போய்த் தணிந்த குரலில் ஒரு விஷயம் சொன்னார். போன வாரம் வேறொரு சேனலில் ஒருவர், "உடனே எல்லாரும் கிளம்பி வாங்க" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அங்கே விமானக் கம்பெனி வாசலில் கூட்டம் முண்டியடித்து, கைக்குழந்தைக்காரி ஒருத்தி மிதிபட்டாள். மேலிடத்திலிருந்து எல்லா சேனலுக்கும் போன் வந்துவிட்டது.

"கிளம்புங்கங்கற வார்த்தை மட்டும் வேணாம் சார். நீங்க இருக்கற தைரியத்துலதான் இன்னிக்கு நேயர் அழைப்பே வச்சிருக்கேன்."

பேராசிரியர் தலையாட்டினார். மிதிபட்ட அந்தப் பெண்ணின் படத்தை அவரும் பார்த்திருந்தார்.

விவாதம் ஆரம்பித்தது. தேர்தல் நிபுணர் ஒருவர். கருத்துக்கணிப்பு நடத்துகிறவர் என்பதால் 'கணிப்பு' என்று பெயர், அவருடைய கணிப்பு பலித்ததாகச் சரித்திரம் இல்லை. மூன்றாவது கட்சி வாக்குகளைப் பிரித்ததால்தான் தலைவர் தோற்றார் என்று அவர் விரல் விட்டு விளக்கினார். பொருளாதார நிபுணருக்கு 'சதவீதம்' என்று பெயர். பக்கத்து நாட்டுப் பணம் சரிந்தால் நம் ஏற்றுமதி படுத்துவிடும், ஆனால் பால் பவுடர் மலிவாகும், ஆகவே சாமானியனுக்கு லாபம்தான் என்றார். பால் பவுடர் என்றதும் பேராசிரியருக்கு மகள் ஞாபகம் வந்தது. தண்ணீர் குடித்தார்.

அப்போதுதான் நெறியாளர் போகிற போக்கில் ஒரு செய்தியை வாசித்தார். பக்கத்து நாட்டு ராணுவத் தளபதி மாற்றப்பட்டிருக்கிறார். புதிதாக வந்திருப்பவர் தலைவரின் மைத்துனர்.

மற்றவர்களுக்கு அது ஒரு வரி. பேராசிரியருக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்துவிட்டது. ஆயுள் முழுக்க இதைத்தானே படித்தார்! நாற்காலியை விடாத ஆள், தளபதியை மாற்றிச் சொந்தக்காரனை வைத்தால் அடுத்தது என்ன என்று அவர் எத்தனை வகுப்பில் நடத்தியிருக்கிறார். முதலில் வானொலி, தொலைபேசி, அப்புறம் விமான நிலையம். இன்றைக்கே மூடிவிடுவார்கள். இதை ரெண்டு விதமாகப் பார்க்க முடியாது, ஒரே விதம்தான். பாப்பா உடனே கிளம்ப வேண்டும், நாளை விமானம் வரை காத்திருக்காமல் இன்றைக்கே கிடைத்ததில் ஏறிவிட வேண்டும். இதோ விளம்பர இடைவேளை வரப்போகிறது. வெளியே போய்த் தட்டிலிருந்து போனை எடுத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அதுக்கு முன்னாடி ஒரு நேயர் அழைப்பு. இணைப்பில் ஒரு தாயார் இருக்காங்க. சொல்லுங்கம்மா, டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க."

"ஹலோ, ஹலோ. வணக்கங்க ஐயா."

மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுகிற குரல். பின்னால் கடகடவென்று ஒரு சத்தம். வாஷிங் மெஷினுக்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடித்துக் கொடுக்கிறேன் என்று பேராசிரியர் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தச் சத்தமே வேண்டாம், 'ஹலோ'வை இரண்டு தடவை சொல்கிற அழகே போதும். அவருக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

"பேராசிரியர் ஐயாகிட்டதான் கேக்கணும். எம் பொண்ணு அங்க வேலை பாக்குது. நாளைக்குக் காலைல ப்ளைட்டு இருக்கு. வரச் சொல்லட்டுமா, இருக்கச் சொல்லட்டுமா? ஒரே வார்த்தைல சொல்லுங்க ஐயா, புண்ணியமாப் போகும்."

கட்டிய கணவனை ஐயா என்று கூப்பிட்டு, ஊரறியக் கையேந்தி நிற்கிறாள். பேராசிரியர் வாயைத் திறந்தார். காதில் மாட்டியிருந்த கருவியில் தயாரிப்பாளர், "சார், பதமா சார், பதமா" என்றார். அந்த மிதிபட்ட பெண் கண்ணுக்குள் வந்தாள். இதே கேள்வியோடு எத்தனை அம்மாக்கள் இந்த நேரம் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்! இவள் நம்மவள்தானே, இப்போது ஊருக்குச் சொல்வதைச் சொல்லிவிட்டு, ரெண்டே நிமிஷத்தில் இடைவேளையில் இவளைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம். அவருக்கு அது நியாயமாகவே பட்டது.

"பதற்றப்படத் தேவையில்லைம்மா. வீட்டுக்குள்ளயே பத்திரமா இருந்தாப் போதும். ஓரிரு நாள்ல நிலைமை சீராக வாய்ப்பு இருக்கு."

"அப்போ இருக்கச் சொல்றீங்க?" என்றார் நெறியாளர். அன்றைக்கென்று அவருக்குத் தெளிவு வேண்டியிருந்தது.

"ஆமாம். இருக்கட்டும்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து ஒரு நேரான பதில் வந்தது. "ரொம்ப நன்றிங்க ஐயா, நிம்மதியாச்சு" என்று போனை வைத்துவிட்டார் அந்த அம்மாள்.

பேராசிரியர் எழுந்திருக்கத் தயாரானார். காதில் தயாரிப்பாளர், இடைவேளை கிடையாது, பெரிய செய்தி ஏதோ வருகிறது, நிகழ்ச்சியை எட்டு மணி வரை நீட்டிவிட்டோம் என்றார். பேராசிரியர் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அரைகுறையாக எழுந்தார். சட்டைக்குள் விட்டிருந்த மைக் வயர் இழுத்தது. "சார், கேமரா உங்க மேலதான் இருக்கு" என்றது காது. உட்கார்ந்துவிட்டார்.

வயரைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஓடவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள். பிற்பாடு அவரும் தன்னை அதைத்தான் கேட்டுக்கொண்டார். அத்தனை விளக்கு வெளிச்சத்தில், அத்தனை வருஷ மரியாதையோடு உட்கார்ந்திருக்கிற ஆளுக்குக் கால் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரே ஒரு தடவை முயற்சி செய்தார். 'சதவீதம்' மூச்சு வாங்கிய இடைவெளியில், "முன்னாடி பேசின அந்த அம்மாவுக்கு நான் ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினார். கண்டிப்பாக வருகிறேன் சார் என்று நெறியாளர் கணிப்பிடம் போய்விட்டார். கணிப்பு, தலைவரின் மைத்துனர் எந்தத் தொகுதியில் எத்தனை வாக்கில் தோற்றவர் என்று ஆரம்பித்து, அந்தத் தொகுதியின் பூர்வீகம் வரை போனார். கேமராவுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தில் முள் ஏழைத் தாண்டுவதைப் பேராசிரியர் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் மட்டும் அந்தப் பிரசித்தமான நிதானம் அப்படியே இருந்தது. பாவி மனுஷர், அதை எங்கே கழற்றி வைப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெரிய செய்தி வந்தது. பக்கத்து நாட்டின் விமான நிலையங்கள் எல்லாம் மூடப்பட்டுவிட்டன, தொலைபேசி இணைப்புகளும் துண்டிக்கப்படுகின்றன.

"பேராசிரியர், இதை எதிர்பார்த்தீங்களா?"

"எதிர்பார்த்ததுதான்."

அது அன்றைய இரண்டாவது நேரான பதில்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மகளைக் கூப்பிட்டுக்கொண்டே போனார். இணைப்பு கிடைக்கவில்லை என்று ஒரு பெண் குரல் சலிக்காமல் சொல்லிக்கொண்டே வந்தது. மனைவியைக் கூப்பிட அவருக்குத் தைரியம் இல்லை.

மனைவி கூடத்தில் உட்கார்ந்திருந்தார். துவைத்த துணி உலர்த்தாமல் மெஷினுக்குள்ளேயே கிடந்தது. அவர் கத்துவார், அழுவார், கையில் கிடைத்ததை விட்டெறிவார் என்று பேராசிரியர் எதிர்பார்த்து வந்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"அந்த போன் பண்ணது நான்தாங்க" என்றார் மனைவி. "நீங்க காலைல மழுப்புனீங்களா, நான் பயந்துடுவேன்னு என்கிட்ட மறைக்கிறீங்கன்னு நினைச்சேன். வேத்து ஆள் மாதிரி கேட்டா உள்ளதைச் சொல்லுவீங்கன்னுதான் கூப்பிட்டேன். நீங்க இருக்கட்டும்னதும் பாப்பாகிட்ட சொல்லிட்டேன். லைன் சரியில்லை, சரிம்மான்னு மட்டும் சொன்னா."

பேராசிரியர் நின்றுகொண்டே இருந்தார்.

"எல்லாம் என் தப்பு" என்று மனைவியே தொடர்ந்தார். "மூக்கைப் பொத்திக்கிட்டுப் பேசினா நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க? யாரோ எவளோன்னு நினைச்சு ஆறுதலா ரெண்டு வார்த்தை சொன்னீங்க. நான்னு தெரிஞ்சிருந்தா அப்படிச் சொல்லியிருப்பீங்களா?"

இப்படி ஒரு மன்னிப்பை அவர் எதிர்பார்க்கவில்லை. ஆமாம் என்று அதை வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, இல்லை என்று தள்ளவும் முடியவில்லை. சோபாவில் தொப்பென்று விழுந்தார். மனைவி அவர் கையிலிருந்த போனை வாங்கி, தானும் ஒரு தடவை மகளுக்கு முயன்று பார்த்தார். அதே பெண் குரல்தான். போனைத் திருப்பிக் கொடுக்கப்போனவர் நிறுத்திக்கொண்டார்.

"பாப்பா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்காளே. நீங்க கேக்கலையா?"

அவர் பார்க்கவே இல்லை. போன் தட்டில் கிடந்தபோது வந்தது. கைக்கு வந்ததிலிருந்து அவர் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார். மனைவி விரலால் தட்டினார். கூடம் முழுக்க மகளின் குரல், சிரிப்பும் கும்மாளமுமாக.

"அப்பா, நிகழ்ச்சி பாத்தேன். அம்மாவுக்கு எவ்வளவு கொழுப்பு பாருங்க, மூக்கைப் பொத்திக்கிட்டுப் பேசறாங்க! எனக்கே முதல் ஹலோலயே தெரிஞ்சுபோச்சு, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? நிஜமாச் சொல்றேம்பா, வேற யாருக்காவது நீங்க அப்படிச் சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். ஊருக்கு மழுப்புவீங்க. அம்மான்னு தெரிஞ்சே சொன்னீங்க பாருங்க, அதான் டிக்கெட்டை விட்டுட்டேன். நிம்மதியாத் தூங்குங்க."

மனைவி போனை மெதுவாக மேஜைமேல் வைத்தார். கணவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏங்க. நான்னு தெரிஞ்சுதா உங்களுக்கு?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.