உப்பா நடித்த சிரிப்புப் படம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. கோழிக்கோட்டுக்குக் குடிவந்து நெடுநாளாகிறது. இங்கே யாராவது எனக்கு பாலில்லாத சுலைமானி டீ வாங்கிக் கொடுத்தால் கூடவே ஒரு கதையும் வரும். இதைக் கொடுத்தவன் ஷாமில். இன்று அவன் பெயர் தெரிந்த இயக்குநர். முதல் படம் நன்றாக ஓடியது, இரண்டாவதற்கும் தயாரிப்பாளர் கிடைத்துவிட்டார். எல்லாவற்றுக்கும் ஆரம்பம், கையில் காசில்லாதபோது எடுத்த ஒரு குறும்படம்.

"எழுதுங்க ஏட்டா. ஆனா பேரை மாத்தாதீங்க. நான் ஒளிஞ்சுக்க இடம் குடுக்காதீங்க" என்றான். ஏட்டா என்றால் அண்ணன்.

மாற்றிவிட்டேன். மகன் பெயர் தெரிந்தால், அவன் உப்பா என்று கூப்பிடும் தகப்பன் பெயரும் தெரிந்துவிடுமே.

2

முதல் தொடக்கம்: "மொய்துவுக்குத் திக்குவாய். அதனால் அவருடைய செருப்புக் கடையில்—"

வேண்டாம். ஒரு மனிதரை அவர் குறையைச் சொல்லியா உள்ளே கூப்பிடுவது?

இரண்டாவது: "ஒத்துக்கொண்ட நடிகர் வரவில்லை." இது பரவாயில்லை. இதிலிருந்து போகலாம்.

கல்யாண வீடியோ எடுக்கும் நண்பனிடம் கேமராவை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வாங்கியிருந்தான் ஷாமில். நடிகர் போனை எடுக்கவே இல்லை. கடை விடுமுறை என்பதால் உப்பா மொய்து அடுக்களையில் எல்லோருக்கும் சாயா போட்டுக்கொண்டிருந்தார்.

"உப்பா, கேமரா முன்னால நின்னு ஒரு போன் பேசணும். அவ்வளவுதான்."

"யாருகிட்ட?"

"யாருகிட்டயாவது. ஒரு சாவுச் செய்தி சொல்லணும்."

மொய்து அடுப்பை அணைத்தார். "அப்போ உன் மாமாகிட்ட பேசறேன்."

ஷாமிலின் உம்மா ஸுஹறா ஆஸ்பத்திரியில் இறந்தபோது, ஷார்ஜாவில் இருந்த அவள் அண்ணனுக்கு மொய்துதான் போன் செய்தார். சாவைக் குறிக்கும் "மவுத்" என்ற சொல்லின் முதல் எழுத்திலேயே நாக்கு மாட்டிக்கொண்டது. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து மச்சான் போனை வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டார், மறுபடியும் வைத்தான். கடைசியில் பக்கத்துக் கட்டிலுக்குத் துணை வந்தவர்தான் சொன்னார். அப்போது விடுதியில் படித்துக்கொண்டிருந்த ஷாமிலுக்கு இது எதுவும் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை, லைட்டுக்குக் கீழே நின்றபடி உப்பா சொல்லித்தான் தெரிந்தது.

3

இங்கே எனக்கு ஒரு சிக்கல். அவர் பேசியதை எப்படி எழுதுவது? ஒரே எழுத்தைப் புள்ளி வைத்து வரிசையாக அச்சிட்டால், நீங்கள் சிரிக்காவிட்டாலும் உதடு கொஞ்சம் அசையும். எழுதிப் பார்த்தபோது எனக்கே அசைந்தது. ஆகவே இந்தக் கதை முழுக்க மொய்து தடங்கலில்லாமல்தான் பேசுவார்.*

கேமரா முன்னால் அவர் அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டினார். கழுத்து நரம்பு புடைத்தது. கண் நிறைந்தது. கடைசியில் "ஸுஹறா போயிட்டா" என்று வேறு வார்த்தையில் சொல்லிமுடித்துவிட்டு, போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். கேமரா நண்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னொரு தடவை முடியாது மோனே" என்றார் மொய்து.

(* ஷாமில் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, "இதுவும் வெட்டுறதுதானே ஏட்டா?" என்று கேட்டான்.)

4

"பேர் வாங்கும் வெறியில் ஷாமில்—" என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. எடுத்ததை நண்பர்களின் அறையில் போட்டுக் காட்டினான், அவ்வளவுதான். முதல் திக்கலிலேயே ஒருவன் சிரித்தான். பிறகு அறையே சிரித்தது.

"செம காமெடிடா! யாருடா இந்த ஆளு?"

என் உப்பா என்று சொல்லியிருக்கலாம். சிரிக்காதீங்கடா என்று சொல்லியிருக்கலாம். அவனும் சேர்ந்து சிரித்தான்.

மறுநாள் துள்ளலாக ஒரு தபேலா சேர்த்தான். "ஸுஹறா போயிட்டா"வை வெட்டினான். எதிர்முனை போனை வைக்கும் சத்தத்தோடு படத்தை முடித்தான். ஒரு குறும்பட விழாவில் முதல் பரிசு கிடைத்தது. படம் போன் போனாகப் பரவியது. கொச்சியிலிருந்து ஒரு தயாரிப்பாளர் கூப்பிட்டார்.

5

ஊரில் பாராட்டு விழா வைத்துப் படத்தைத் திரையிட்டார்கள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், பக்கத்துக் கடைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார் மொய்து. அவர் இன்னும் படத்தைப் பார்க்கவில்லை, இசையும் வெட்டும் அவருக்குத் தெரியாது. முதல் சிரிப்பு கேட்டதும், பின்னால் யாரோ வேடிக்கையாக நுழைந்துவிட்டதுபோல் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது சிரிப்பில் புரிந்துகொண்டார். பின்வரிசையில் இருந்த ஷாமில் திரையைப் பார்க்கவில்லை, உப்பாவின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தான். விளக்கு வந்ததும் எல்லாரும் அவரைப் பார்த்துக் கைதட்டினார்கள். மொய்து எழுந்து, நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தார்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது கேட்டார்: "உன் மாமா இதைப் பார்ப்பானா?"

"தெரியல உப்பா."

"பார்த்தா சிரிப்பான்."

அதற்குப் பிறகு கடைக்கு வருபவர்கள், "மொய்துக்கா, அந்த போன் பேசறதை ஒருக்கா செஞ்சு காட்டுங்க" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒரு நாள் ஷாமில் கடை வாசலில் நின்று பார்த்தான். உப்பா செய்து காட்டிக்கொண்டிருந்தார், உள்ளதைவிடக் கூடுதலாகத் திக்கி. உள்ளே போகாமல் திரும்பிவிட்டான்.

6

இப்போது இரண்டாவது படத்தில், குறும்படத்தில் வந்த "அந்த உப்பா" வேண்டும் என்கிறார் தயாரிப்பாளர். ஷாமில் ஒரு கணக்குப் போட்டான்: அதே காட்சியை இசையில்லாமல், வெட்டாமல் எடுத்துவிட்டால் பழைய பாவம் தீரும். கடைக்குப் போனான். மொய்து செருப்புப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உப்பா, அன்னைக்கு நீங்க அழுததை நான்—"

(அவன் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.)

"நடிக்கறேன் மோனே" என்றார் மொய்து. "ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடு. இந்தத் தடவை ஜனங்க சிரிக்கணுமா, சிரிக்கக் கூடாதா? அதுக்குத் தக்கபடி செஞ்சுக்கலாம்."

அந்தக் குரலில் குத்தல் இல்லை என்கிறான் ஷாமில். தோல் செருப்பா, ரப்பர் செருப்பா என்று வாடிக்கையாளரிடம் கேட்பதுபோலத்தான் கேட்டாராம். குத்தியிருந்தால் தாங்கியிருப்பேன் என்றான்.

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஷாமில் உப்பாவின் கையைப் பிடித்து அழுகிறான். அது அவனுக்குச் சுகம், அவருக்கு என்ன? இன்னொன்றில் படத்தையே விட்டுவிடுகிறான். "ஏன்டா விட்டே?" என்று அவர் கேட்டால் மறுபடி அந்த முடிக்காத வாக்கியத்துக்கே வரவேண்டும். மூன்றாவதில் மொய்து அவனை மன்னிக்கிறார். அவர் சார்பில் மன்னிக்க நான் யார்?

நடந்தது இவ்வளவுதான்: "யோசிச்சுச் சொல்றேன் உப்பா" என்று சொல்லிவிட்டு ஷாமில் வந்துவிட்டான். இன்னும் சொல்லவில்லை. ஜனங்கள் சிரிக்கணுமா, கூடாதா என்று உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் போய்ச் சொல்லுங்கள். கோழிக்கோட்டுப் பாளையத்தில்தான் கடை. சிரிக்க வந்தவர் என்று நினைத்து அவர் போனைக் கையில் எடுப்பார், அதற்குள் சொல்லிவிடுங்கள்.