கறிவேப்பிலை கேண்டிடேட்

கவுண்டம்பாளையத்தில், பேட்டரிக் கடைக்கு மேல்மாடியில், இரண்டே அறைகளில் இயங்கிவந்தது 'ரவி இன்டர்கான்டினென்டல் டேலன்ட் பார்ட்னர்ஸ்'. பெயரில் இருந்த கண்டங்களில் ஒன்றுகூட இன்னும் மாடிப்படி ஏறி வரவில்லை. பாலக்காட்டுக்கு ஒருமுறை ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அவனும் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மூன்றாம் நாளே திரும்பிவிட்டான். ஆனாலும் ரவிக்குமாரின் நாற்காலிக்குப் பின்னால் நான்கு கடிகாரங்கள் தொங்கின: லண்டன், நியூயார்க், சிங்கப்பூர், கோயம்புத்தூர். இதில் கோயம்புத்தூர் மட்டும் நின்றுபோயிருந்தது.

ரவிக்குமார் தன்னை முதலாளி என்று சொல்லிக்கொள்ள மாட்டார். விசிட்டிங் கார்டில் 'சீஃப் டேலன்ட் ஆர்க்கிடெக்ட்' என்று போட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு, வீடு கட்ட பிளான் போட்டுத் தருவீர்களா என்று இரண்டு பேர் விசாரித்ததும் உண்டு.

அங்கே ரெக்ரூட்டராக இருந்தவள் கெசியா. போத்தனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை ஃபோன்தான் வேலை. "சார், வேற வேலை பாக்கற ஐடியா இருக்குங்களா?" என்று கேட்பாள். இந்த ஊரில் யாரும் 'இல்லை' என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்வதில்லை. "பாத்துட்டுச் சொல்றனுங்க" என்பார்கள். அப்படிப் பார்க்கப் போனவர்கள் இருநூறு பேராவது இருப்பார்கள். இன்டர்வியூ அன்றைக்குக் கூப்பிட்டால் "வந்துட்டே இருக்கறனுங்க" என்பார்கள், பின்னணியில் பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தத்தோடு.

ஆபீசுக்கென்று ஒரு தொழில்முறை இருந்தது. எந்தக் கம்பெனி ஆள் கேட்டாலும் மூன்று பேரை அனுப்புவார்கள். அதில் ஒருவர்தான் நிஜம். அவருக்கு 'ஹீரோ' என்று பெயர். அவருடைய பயோடேட்டாவை உட்கார்ந்து ஆறு பக்கத்துக்கு வளர்ப்பார்கள். ஸ்டோர் ரூம் சாவி வைத்திருந்தவர் 'இன்வென்டரி கவர்னன்ஸ் லீட்' ஆவார். வேன் டிரைவருக்கு டீசல் போட்டுக் கொடுத்தவர் 'எனர்ஜி ஆப்பரேஷன்ஸ்' பார்த்தவர் ஆவார். மற்ற இரண்டு பேர், பக்கத்தில் நின்று ஹீரோவின் உயரத்தைக் காட்டுவதற்காக. மணத்துக்குப் போட்டுவிட்டுத் தட்டோரமாக ஒதுக்குவதால், ஆபீசில் அவர்கள் 'கறிவேப்பிலை'. கறிவேப்பிலையின் பயோடேட்டாவில் ஒரு கமாகூடச் சேர்க்கக் கூடாது என்பது ரவிக்குமாரின் உத்தரவு. தாங்கள் கறிவேப்பிலை என்பது அவர்களுக்குத் தெரியாது என்பது ஆபீசின் நம்பிக்கை.

இந்த வரிசையில் மூத்தவர் அந்தோணிராஜ். சூலூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லின் டைம் ஆபீசில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். யார் வந்தார், யார் வரவில்லை, அடுத்த ஷிப்டுக்கு யாரைக் கூப்பிடுவது, எல்லாம் அவர் கையில். மில்லை மூடி இரண்டு வருடமாகிறது. பயோடேட்டா ஒரே பக்கம், அதிலும் கீழ்ப்பாதி காலி. இதுவரை பதினோரு கம்பெனிக்குப் போய்வந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் தேய்த்த சட்டை, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் ஆள் ஆஜர். முடிந்ததும் மறக்காமல் ஃபோன் செய்வார்.

"நல்லாப் பேசுனாங்க அம்மணி. டீயெல்லாம் குடுத்தாங்க."

டீ கொடுத்தால் வேலை கொடுக்க மாட்டார்கள் என்று கெசியாவுக்குத் தெரியும். எடுக்கப்போகிற ஆளிடம் சம்பளத்தைப் பற்றிப் பேசுவார்கள். டீ நினைவுக்கே வராது.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மோட்டார் பம்ப் தொழிற்சாலைக்கு எச்.ஆர். மேனேஜர் வேண்டுமென்று வந்தபோது, கெசியா பன்னிரண்டாவது முறையாக அவரைக் கூப்பிட்டாள்.

"வெள்ளிக்கெழமைன்னா வாரனுங்க," என்றார் அந்தோணிராஜ். "இதான் கடைசிங்க அம்மணி. திங்கக்கெழமை ஓசூர் போறேன். மச்சான் அங்க செக்யூரிட்டி வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கறான். ஊட்டுக்காரியும் பொண்ணும் இங்கயே இருப்பாங்க. பொண்ணு காலேஜ் முடிக்கோணுமல்ல."

கெசியா ஃபோனை வைத்தாள். நேராக ரவிக்குமாரிடம் போனாள்.

"சார், கேக்கறது டைம் ஆபீஸ் தெரிஞ்ச ஆளு. அந்தோணி அண்ணனையே ஹீரோவாப் போட்டா என்னங்க சார்?"

ரவிக்குமார் நாற்காலியை அரைவட்டம் சுழற்றினார். முழுவட்டம் சுழல அறையில் இடம் கிடையாது. "கெசியா, நாம ஆளை விக்கல. அஸ்பிரேஷனை விக்கறோம். நம்ம ஹீரோ எழில், பெங்களூர் ரிட்டர்ன். அவரு நடந்து வந்தாலே ஒரு பிரசன்டேஷன் மாதிரி இருக்கும். அந்தோணிராஜ் நடந்து வந்தா அந்தோணிராஜ் வர்ற மாதிரிதான் இருக்கும். புரியுதா?"

"புரியுதுங்க சார்."

"நீயும் கூடப் போ. கிளையன்ட் கையைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மூன்று பேர் வர வேண்டிய இடத்தில் இரண்டு பேர்தான் வந்தார்கள். மூன்றாமவர் வந்துகொண்டே இருந்தார். தொழிற்சாலையின் முதலாளி பாவாத்தாள், அறுபதைத் தாண்டியவர். கணவர் போன பிறகு பதினைந்து வருடமாக அவர்தான் எல்லாம். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கெசியாவை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"ஒவ்வொருத்தரா என்னத்துக்கு? ரெண்டு பேருமே உக்காருங்க. கேக்கறது ஒரே கேள்விதான். நாளைக்குக் காலைல மெஷின் ஷாப்புல பத்துப் பேரு வரலை. என்ன பண்ணுவீங்க?"

எழில் முன்னால் சாய்ந்தார். "மேடம், முதல்ல எல்லா ஸ்டேக்ஹோல்டர்ஸையும் அலைன் பண்ணுவேன். அப்புறம் ஒரு ரூட் காஸ் அனாலிசிஸ். அதை வெச்சு ஒரு என்கேஜ்மென்ட் ரோட்மேப்..."

"ரோடு போட எத்தன நாளாகும் தம்பி?"

"ஒரு குவார்ட்டர், மேடம். மூணு மாசம்."

"அது வரைக்கும் லேத்தை யாரு ஓட்டறது? நானா?"

எழில் சிரித்து வைத்தார். பாவாத்தாள் அந்தோணிராஜ் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பத்துப் பேரும் எந்த ஊருங்கம்மா?" என்று கேட்டார் அந்தோணிராஜ்.

"எதுக்கு?"

"ஒரே ஊருன்னா அங்க மாரியம்மன் கோயில் நோம்பி சாட்டியிருப்பாங்க. நோம்பி சாட்டிட்டா சாமியே வந்து கூப்பிட்டாலும் வேலைக்கு வரமாட்டாங்க. அது நம்ம தப்புங்க. முன்னாடியே தெரிஞ்சுவெச்சு ஷிப்டை மாத்திப் போட்டிருக்கோணும். நான் மில்லுல இருந்தப்ப சுத்துவட்டாரத்துல நாப்பத்தஞ்சு ஊரு நோம்பி, நம்ம சர்ச் திருவிழா, நோன்புப் பெருநாள் எல்லாத்தையும் காலண்டர்ல குறிச்சு வெச்சிருப்பனுங்க."

"வேற வேற ஊருன்னா?"

"அப்பக் கோவம்ங்க. மொதநாளு சூப்பர்வைசர் யாரையோ திட்டியிருப்பாரு. நான் அவங்களுக்கு ஃபோன் பண்ண மாட்டேன். எடுக்க மாட்டாங்க. ஊட்டுக்காரம்மாவுக்குப் பண்ணுவேன். 'ஏனுங், இன்னைக்கு லீவு போட்டா வாரக் கடைசி லீவும் சேந்து கட்டாகுமுங்களே'ன்னு வருத்தமாக் கேப்பேன். அரைமணி நேரத்துல ஆளு கேட்டுல நிப்பாருங்க."

பாவாத்தாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ஒற்றைப் பக்க பயோடேட்டாவை எடுத்தார். கீழ்ப்பாதியின் வெறுமையையும் நிதானமாகப் படித்தார்.

"இத்தன தெரிஞ்ச மனுசனை ரெண்டு வருசமா ஒருத்தரும் எடுக்கலையா? எத்தன எடத்துக்குப் போனீங்க?"

"இதோட பன்னண்டுங்க."

"ஏன் எடுக்கல?"

அந்தோணிராஜ் கெசியாவை ஒருமுறை பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "நான் துணைக்குப் போறவனுங்கம்மா. எடுக்கற ஆளு எப்பவும் வேறயா இருப்பாரு."

கெசியாவுக்குக் காது மடல் சுட்டது. இவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனையாவது இன்டர்வியூவிலிருந்து? தெரிந்துகொண்டேதான் சட்டை தேய்த்து, 'டீயெல்லாம் குடுத்தாங்க' என்று இவள் மனம் நோகாமல் ஃபோன் செய்திருக்கிறார்!

"ஏனம்மணி," பாவாத்தாளின் குரல் ஓரத்து நாற்காலிக்கு வந்தது. "நெசந்தானா?"

இல்லை என்றால் கிளையன்ட் மிஞ்சுவார், அந்தோணிராஜ் திங்கட்கிழமை ஓசூர் பஸ் ஏறுவார். ஆமாம் என்றால் கிளையன்டும் போய், அநேகமாகத் தன் நாற்காலியும் போகும். கெசியா எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"நெசந்தானுங்க. மூணு பேரு அனுப்பறதுல ஒருத்தருதான் ஆளு. மத்த ரெண்டும் சும்மாங்க. அந்தோணி அண்ணன் பயோடேட்டாவை நாங்க தொட்டதே இல்லைங்க. அதுல இருக்கற ஒவ்வொரு வரியும் உண்மைங்க." ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "நாங்க அனுப்பற தாள்ல அப்படி இருக்கறது அவருதும், அவரு மாதிரி ஆளுங்களுதும் மட்டுந்தானுங்க."

எழில் தன்னுடைய ஆறு பக்கத்தையும் மெல்லக் கவிழ்த்து வைத்தார்.

பாவாத்தாள் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு கயிற்றில் கட்டிய கண்ணாடி. "அட, கொட்டேஷன் கணக்கா! எங்க தொழில்ல என்ன வாழுது? பெரிய கம்பெனிக்காரன் மூணு கொட்டேஷன் கேப்பான். ஒண்ணு நம்மளுது. மத்த ரெண்டும் பக்கத்துக் கம்பெனி லெட்டர்பேடை வாங்கி நாமளே அடிச்சுக் குடுக்கறது. பதினஞ்சு வருசமா நான் பண்றேன். எனக்கே போட்டுக் காட்றீங்களா?"

"தப்புத்தானுங்க," என்றாள் கெசியா.

"தப்பென்ன தப்பு? ஆனா ஒண்ணு கண்ணு, எங்க துணைக் கொட்டேஷன்ல ரேட்டு ஒருநாளும் நம்ம கொட்டேஷனை விடக் கம்மியா இருக்காது. அதுல கவனமா இருப்போம். உங்க மொதலாளி அங்க கோட்டை விட்டுட்டாரு." அந்தோணிராஜ் பக்கம் திரும்பினார். "முன்ன என்ன சம்பளம் வாங்குனீங்க?"

சம்பளம்! கெசியா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அரைமணி நேரம் கழித்து, முத்திரை குத்திய கடிதத்தோடு அந்தோணிராஜும் கெசியாவும் கேட்டுக்கு வெளியே வந்தார்கள். எழில் ஏற்கெனவே வந்து தன் ஸ்கூட்டரைத் தேடிக்கொண்டிருந்தார். "அண்ணா, எங்க ஊரு அன்னூர்ப் பக்கம். இந்த வருசம் நோம்பி எப்பன்னு தெரியுமா? அம்மா கேட்டுட்டே இருக்காங்க," என்றார். அந்தோணிராஜ் ஊர்ப் பெயரைக் கேட்டு, தேதியையும் கிழமையையும் சொன்னார்.

ரவிக்குமாருக்கு விஷயத்தை ஃபோனில் சொன்னபோது எதிர்முனையில் கடிகாரங்கள் மட்டும் கேட்டன, மூன்று. பிறகு தொண்டையைச் செருமினார். "நான் நினைச்ச மாதிரியே நடந்திருக்கு கெசியா. இதுக்குப் பேரு ரிவர்ஸ் பொசிஷனிங். இன்னிக்கே ஒரு போஸ்ட் எழுதறேன்."

பஸ் ஸ்டாப்பில் அந்தோணிராஜ் மனைவி ஜெயக்கொடியைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, அந்தம்மாள் குரல் அப்படி.

"நல்லாப் பேசுனாங்களாக்கு?"

"வேலை குடுத்துட்டாங்க ஜெயா."

"டீ குடுத்தாங்களா?"

"இல்ல. அது வந்து, டீ குடுக்கல."

"டீகூடக் குடுக்கலையாமா, வேலை குடுத்தாங்களாமா! ஏனுங்க, பஸ் ஸ்டாண்டுல நின்னு வெளையாடறீங்களா? கூட யாரு இருக்கறா?"

அவர் ஃபோனைக் கெசியாவிடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்க அம்மணி. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா."

"அக்கா, ரெக்ரூட்டிங் ஆபீஸ்ல இருந்து கெசியா பேசறேன். லெட்டர் கையில இருக்குதுங்க. எச்.ஆர். மேனேஜர். திங்கக்கெழமை காலைல எட்டரைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

மறுமுனையில் ஒரு பாத்திரம் கீழே வைக்கப்பட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் குரல் பழையபடி நிமிர்ந்து வந்தது.

"சரிங்க அம்மணி, வெச்சிருங்க. ஓசூருக்கு அவரு பேச வேண்டாம்னு சொல்லுங்க. எங்க அண்ணன்கிட்ட இத நாந்தான் சொல்லுவேன்."